எபாக்ஸி தரை பற்றி

தண்டையார்பேட்டை

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தங்கச்சியிடம் சொல். இங்கே அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் வாய் மட்டும் குறையவில்லை. மெட்ரோவில் போயே தீருவேன் என்று அடம்பிடித்து, விம்கோ நகர் வரை போய்விட்டு வந்து தெரு முழுக்கக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சரி, தரை விஷயத்துக்கு வருகிறேன். உன் மகன் கார் ரிப்பேர் ஷெட்டின் சிமெண்ட் தரைக்கு எபாக்ஸி, அதாவது பிசினும் ஹார்டனரும் கலந்து பூசுகிற பூச்சு, போடப் போகிறான், ஜாக்கியும் சுத்தியலும் புழங்கும் இடத்தில் அது தாங்குமா என்று கேட்டிருந்தாய். தாங்கும். வெறும் பாரத்தால் அது கெடுவது குறைவு. கூர்முனையும் இழுப்பும்தான் கெடுக்கின்றன. 1,200 கிலோ கார் டயரில் நிற்கும்போது தரைக்கு ஒன்றும் ஆகாது. அதே காரை நான்கு ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தினால் ஒவ்வொன்றின் மேலும் ஏறக்குறைய 300 கிலோ வரும். அந்த எடை முழுவதும் ஸ்டாண்டின் ஒல்லியான இரும்புக் கால்கள் வழியாகத்தான் தரையில் இறங்கும். அதனால் நாங்கள் ஸ்டாண்டுக்கு அடியில் அதைவிட அகலமான 18 மி.மீ. பிளைவுட் துண்டு போடாமல் காரைத் தூக்குவதே இல்லை. துண்டு ஆடாமல் பதிந்து உட்கார வேண்டும், அது முக்கியம்.

ட்ராலி ஜாக்கியின் இரும்புச் சக்கரம் இன்னொரு வில்லன். எண்ணூர் ரோட்டு கன்டெய்னர் லாரிகள் கிளப்புகிற மண்ணெல்லாம் எங்கள் ஷெட்டுக்குள்தான் வந்து இறங்குகிறது. அந்த மண்மேல் ஜாக்கியை உருட்டினால் தரையில் உப்புத்தாள் தேய்த்த கணக்குத்தான். பெருக்கிவிட்டு உருட்டு என்று பையன்களிடம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. டூல் ட்ராலிக்காவது நைலான் சக்கரம் மாட்டிவிடச் சொல்.

ஸ்பேனர் தட்டையாக விழுந்தால் பெரும்பாலும் தடமே இருக்காது. சுத்தியலோ கியர் பாக்ஸின் மூலையோ விழுந்தால் சில்லு பெயரும். குனிந்து பார், பெயர்ந்த இடத்தைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று தெரியும்; நகத்தால் நெம்பினால் லேசாக அசையும். அதை அப்படியே விட்டால் ஆயிலும் தண்ணீரும் உள்ளே இறங்கிப் பக்கத்தில் இருப்பதையும் தூக்கிவிடும். அசைகிறதைச் சுரண்டி எடுத்து, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஆயில் பிசுக்கைத் துடைத்துவிட்டு, அதே எபாக்ஸியைக் கொஞ்சமாகக் கலந்து பூசிவிட வேண்டும்.

இன்ஜின் இறக்குகிற மூலையில் பழைய கன்வேயர் பெல்ட் விரித்திருக்கிறேன். என்ன விழுந்தாலும் கவலையில்லை. ஆனால் கறுப்பு ரப்பர் நாள்பட எபாக்ஸியில் கறை ஏற்றும், வெளிர் நிறத் தரையில் அது அசிங்கமாகத் தெரியும். வாசல் பக்கம் விரிக்காதே. வெல்டிங், கிரைண்டிங் மூலைக்கு எபாக்ஸியே வேண்டாம் என்பேன். பொறி பட்டால் கருகும். வெறும் சிமெண்ட் தரையே அங்கே மேல். முழு ஷெட்டும் பளபளக்க வேண்டும் என்று மகன் ஆசைப்படுவான், நீதான் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

பிரேக் ஆயில் சிந்தினால் உடனே துடைக்கச் சொல், பூச்சுக்கு அது ஆகாது.

இதெல்லாம் பூச்சு தரையைப் பிடித்திருந்தால்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்ததே, அப்படி எண்ணெய் குடித்த சிமெண்டில் பூச்சு சரியாக ஒட்டாது. உங்கள் ஷெட்டில் வெள்ளம் வராவிட்டாலும் பழைய கிரீஸ் ஊறியிருக்கும், அதுவும் அதே கதைதான். ஈரம் இருக்கிறதா என்று தெரிய, ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்க்கச் சொல். அடியில் வியர்த்திருந்தால் வேலையைத் தள்ளிப்போடு. பூசிய மறுநாள் நடக்கலாம் என்பார்கள், நடக்கலாம்தான். ஆனால் கனமான சாமானும் காரும் 7 நாள் கழித்துத்தான். அவசரப்பட்டால் சூடான டயரோடு தோசை மாதிரி உரிந்து வரும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் தரை போடப்போகிற ஆளின் எஸ்டிமேட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. ரோலரில் பூசுகிற மெல்லிய கோட்டிங்கா, 2–3 மி.மீ. ஊற்றிப் பரப்புகிறதா, பழைய தரையைக் கிரைண்டிங் பிடிப்பதும் அந்தத் தொகைக்குள்தானா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மூர்த்தி