பரவலுக்குத் துணைபோகும் புரதங்கள்: கட்டுரையில் விடுபட்டவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய் உடலில் பரவும்போது அதன் செல்களைக் காப்பாற்றும் புரதங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2022-இல் மட்டும் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக வந்ததாக மதிப்பிடப்படும் நோய் இது. எழுத வேண்டிய விஷயம்தான். ஆனால், "இந்தப் புரதத்தைத் தடுத்துவிட்டால் பரவல் நின்றுவிடும்" என்று கட்டுரை முடிந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. பயாப்ஸி திசுக்களுக்குச் சாயமேற்றும் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு, ஈ-கேடெரின் என்றொரு புரதம் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிப்பது அதன் வேலை. அதற்கான சாயத்தை ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், பால்நாளப் புற்றின் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பொதுவாகப் பழுப்பு நிறக் கோடு தெரியும். இந்தப் பிடியை இழந்த செல்தான் கழன்று ஓடும், ஆகவே ஈ-கேடெரின் பரவலைத் தடுக்கும் நல்ல புரதம் என்றே நெடுங்காலம் கருதிவந்தார்கள். 2019-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆண்ட்ரூ எவால்ட், வீணா பத்மநாபன் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. எலிகளில் இந்தப் புரதத்தை நீக்கியதும் புற்றுச்செல்கள் அக்கம்பக்கத் திசுவுக்குள் முன்னைவிட அதிகமாக ஊடுருவின. ஆனால் தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் போய்க் குடியேறியவை மிகவும் குறைந்துவிட்டன. வழியிலேயே பெரும்பாலானவை மடிந்தன.

தாய்த்திசுவின் பிடி விட்ட செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ள வேண்டும் என்பது உடலின் ஏற்பாடு. இதற்கு அனாய்கிஸ் என்று 1994-இல் பெயர் வைத்தார்கள். கிளம்பிய செல்லுக்குள் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளும் பெருகி அதைச் சாகடிக்கும். அந்தச் சாவிலிருந்து காப்பாற்றுவது ஈ-கேடெரின்தான் என்பதே ஆய்வின் சாரம். ஊடுருவும் கட்டத்தில் தடையாக இருக்கும் புரதமே பயணத்தில் புற்றுக்கு உயிர் கொடுக்கிறது.

சரி, அதைத் தடுக்க மருந்து செய்யலாமே என்று தோன்றும். நம் தோலிலும் குடலிலும் செல்களை ஒட்டவைத்திருப்பதும் இதே ஈ-கேடெரின்தான். இதன் மரபணுவில் பிறவிப் பழுது உள்ள குடும்பங்களில் இரைப்பைப் புற்றும் லோபுலார் வகை (பால் சுரக்கும் நுண்மடல்களின் பெயரால் அழைக்கப்படும் வகை) மார்பகப் புற்றும் வருகின்றன. லோபுலார் வகையின் ஸ்லைடில் அந்தப் பழுப்புக் கோடே பெரும்பாலும் இராது; செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றை வரிசையில் நிற்கும். ஈ-கேடெரின் இல்லாமலே அது எலும்புக்கும் வயிற்றின் உள்ளுறைக்கும் பரவுகிறது. ஆக, எந்த வகைப் புற்று, எந்தக் கட்டம், சோதித்தது எலியிலா மனிதரிலா என்று சொல்லாமல் ‘புரதத்தைத் தடுத்தால் போதும்’ என்று எழுதுவது ஆபத்து. இதழ் வந்த வாரத்தில் ரிப்போர்ட் வாங்க வந்த ஓர் அம்மா, கீமோ தேதி எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தப் புரதத்துக்கு மாத்திரை வந்துருச்சாமே மேடம், இது இனிமே வேணாமா?" என்று கேட்டார். எனக்குப் பகீரென்றது. டாக்டரைக் கேட்காமல் ஒரு தேதியைக்கூடத் தவறவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

புரதத்தைக் குறிவைத்து வென்ற கதையும் உண்டு. கட்டுரையில் அது இடம்பெறாதது பெரிய குறை. 100 மார்பகப் புற்றுகளில் 15 முதல் 20 வரை ஹெர்-2 என்ற புரதம் செல்லின் மேற்பரப்பில் அளவுக்கு மீறி நிற்கும். செல்லைச் சாகவிடாமல் பெருகச் சொல்லிக்கொண்டே இருப்பது அது. அதைத் தாக்கும் டிராஸ்டுசுமாப் 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. யாருக்கு அந்தப் புரதம் மிகுந்திருக்கிறது என்று முதலில் சோதித்து, அவர்களுக்கு மட்டும் கொடுத்ததால்தான் அந்த மருந்து பலித்தது.

அந்தச் சோதனையின் முடிவு 0, 1+, 2+, 3+ என்று ரிப்போர்ட்டில் இருக்கும். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் முடிவு தெரியவில்லை, ஃபிஷ் (ஹெர்-2 மரபணுவின் நகல்களை எண்ணிப் பார்ப்பது) போன்ற இன்னொரு பரிசோதனை செய்தாக வேண்டும் என்று பொருள். இது புரியாமல், செலவுக்கும் பயந்து, 2+ ரிப்போர்ட்டை அப்படியே பைலில் வைத்துவிடுபவர்களைப் பார்க்கிறேன். தங்களுக்குப் பலிக்கக்கூடிய மருந்து இருக்கிறதா என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகிறது. அடுத்த இதழில் ஒரு புற்றுநோய் மருத்துவரைக் கொண்டு, ரிப்போர்ட்டில் வரும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 என்ற மூன்று வரிகளை ஒரு பக்கத்தில் விளக்கி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்புநரான வாசகி,
மதுரை