சிலந்திப்பேனைத் தின்னும் பேன்களுக்குத் தாய் வளர்ப்பு கேட்டு மனு

அனுப்புநர்: பசுமைக்குடில் சாகுபடியாளர் குழு
பெறுநர்: தோட்டக்கலைத் துறை இயக்குநர் அவர்கள்

பொருள்: இரைவிழுங்கிப் பேன் வளர்க்கத் தூய தாய் வளர்ப்பும் (பெருக்குவதற்கு வித்தாக வைத்திருக்கும் கூட்டம்) தனி அறையும் வேண்டுதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாங்கள் குடிலுக்குள் வெள்ளரியும் ரோஜாவும் பயிரிடுகிறோம். இலையின் அடியில் நூலாம்படை கட்டிச் சாறு உறிஞ்சும் இரு புள்ளிச் சிலந்திப்பேன்தான் எங்களுக்குத் தீராத தலைவலி. வெயில் ஏறிவிட்டால் 8 முதல் 10 நாளில் அடுத்த தலைமுறை தயாராகிவிடுகிறது. இது பூச்சியே அல்ல, எட்டுக்கால் இனம். அதனால் பூச்சிக்கொல்லிகளில் பல இதனிடம் பலிப்பதில்லை. பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி அடித்தால் இன்னும் மோசம்; இதைத் தின்னும் உயிர்கள் செத்துப்போக, பேன் மட்டும் பெருகுகிறது. உலக அளவில் 90க்கும் மேற்பட்ட மருந்துகளுக்கு இது எதிர்ப்புத்திறன் காட்டியிருக்கிறது.

சரி, மருந்தை விட்டுவிட்டு அதைத் தின்பதையே வளர்ப்போம் என்று இறங்கினோம். பைட்டோசீயுலஸ் பெர்சிமிலிஸ் என்னும் பேன், சிலி நாட்டு ஆர்க்கிட் செடிகளோடு ஜெர்மனிக்குத் தற்செயலாக வந்து 1950களின் இறுதியில் கவனத்துக்கு வந்தது. வளர்ந்த சிலந்திப்பேன் என்றால் நாளுக்கு 5, முட்டை என்றால் 20 வரை தின்னும். சிலந்திப்பேன் குடும்பத்தைத் தவிர வேறெதையும் அது வழக்கமாகத் தொடுவதில்லை என்பதால், இரையையும் நாங்களேதான் வளர்த்தாக வேண்டும்.

வேலை இப்படி: ஓர் அறையில் பேன் படாத பீன்ஸ் செடி, இரண்டாவதில் அந்தச் செடியில் சிலந்திப்பேன், மூன்றாவதில் அதன்மேல் இரைவிழுங்கி. அறைக்குள் நுழையும் வரிசை எப்போதும் இதுவே, திரும்பி நடக்கக் கூடாது. நாங்கள் ஒருமுறை திரும்பி நடந்தோம். மூன்றாம் அறையில் இலை பறித்த சட்டையோடு ஒருவர் இரண்டாம் அறைக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். இரண்டு வாரத்தில் இரைக் கூட்டம் முழுக்கக் காலி. அப்புறம் தீனி இல்லாமல் இரைவிழுங்கிகளும் ஒன்றையொன்று தின்று தீர்ந்தன. குற்றம் எங்களுடையதுதான். ஆனால் மறுபடி தொடங்க எங்கும் வித்து கிடைக்கவில்லை என்பதே இந்த மனுவுக்குக் காரணம்.

ஆகவே துறையின் உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் ஒரு தாய் வளர்ப்பை நிரந்தரமாக வைத்து, எங்களைப் போன்ற குழுக்களுக்குக் கேட்கும்போது கொஞ்சம் தர வேண்டும். ஆய்வகத்தில் ஓர் அறை ஒதுக்கினாலே போதும், பெருக்குகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தருவது கலப்பில்லாத இனம்தான் என்று உருப்பெருக்கியில் பார்த்து உறுதி செய்தும் தர வேண்டும். வெறும் கண்ணுக்கு எங்களால் பிரித்தறிய முடிவதில்லை.

இன்னொன்று. காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பெர்சிமிலிஸ் முட்டைகள் சரியாகப் பொரிப்பதில்லை. வறண்ட மாதங்களுக்காக, வெப்பத்தையும் பசியையும் கூடுதலாகத் தாங்கும் நியோசீயுலஸ் கலிஃபோர்னிகஸ் என்னும் இன்னோர் இரைவிழுங்கிப் பேனும் வளர்ப்பில் இருந்தால் நல்லது. மகரந்தத்திலும் அது சில நாள் ஓட்டிவிடும். இவற்றில் வெளியிலிருந்து கொண்டுவர அனுமதி வேண்டிய இனம் எது, வேண்டாதது எது என்று எழுத்தில் தெரிவித்தால் நாங்கள் தவறு செய்யாமல் இருப்போம்.

துறை அலுவலர்கள் குடிலுக்கு மருந்து பரிந்துரைக்கும்போது, இரைவிழுங்கி விட்டிருக்கிறீர்களா என்று முதலில் கேட்கும்படியும் சொல்ல வேண்டுகிறோம்.

தங்கள் அலுவலர் ஒருவரை எங்கள் கொட்டகையைப் பார்வையிட அனுப்பினால் மகிழ்வோம். காலையில், வேறு குடில் எதற்கும் போகாமல் நேராக இங்கே வரச் சொல்லுங்கள். பீன்ஸ் அறையிலிருந்து தொடங்குவோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குழு உறுப்பினர்கள்