சேகர், அந்தப் பரணில் அவன் ஏறக் கூடாது

உல்சூர், பெங்களூரு
அக்டோபர்

அன்புள்ள சேகர்,

நேற்று ராத்திரி போனில் நான் போட்ட சத்தத்தில் பானு தங்கச்சி பயந்திருப்பாள். பரவாயில்லை, கொஞ்சம் பயம் இருக்கட்டும். போனில் பாதி விஷயம் விட்டுப்போனது, அதனால் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன். இதை அப்படியே உன் பையன் கார்த்திக்கு அனுப்பு. தமிழில் நீளமாகப் படிக்க அவனுக்குச் சோம்பலாக இருந்தால் நீயே படித்துக் காட்டு, ஆனால் சனிக்கிழமைக்கு முன்னால். சனிக்கிழமைதானே அவன் வாக்குவம் கிளீனரைத் தூக்கிக்கொண்டு பரணில் ஏறப் போவதாகச் சொன்னான்?

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி விடவில்லை, இருந்தாலும் சாயங்காலம் ஏரிக்கரை வரை நடந்துவிட்டுத்தான் வருகிறாள். மழை விட்டபாடில்லை, இந்தக் குளிருக்கே தெருவில் பாதிப் பேர் குரங்குக் குல்லாயோடு திரிகிறார்கள். மீசைக்காரர் மகளுக்குத் தையில் கல்யாணம், பத்திரிகை உனக்கும் வரும், வராவிட்டால் சண்டை போடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய படங்களில் முதல் மூன்றையும் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. கனடாவில், வின்னிபெக்கில் வுல்ஸ்லி பக்கம் வீடு என்றதுமே அந்த எல்ம் மரத் தெருக்கள் கண்ணுக்குள் வந்துவிட்டன, அங்கே வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ வீட்டுப் பரண்களில் டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்ந்திருக்கிறேன். முன் வராந்தா, மரப்படி, பெரிய பெரிய ஜன்னல், நூறு வருஷத்து வீட்டுக்கு உள்ள லட்சணம் எல்லாம் இருக்கிறது. நாலாவது படத்தைப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. பரணில் கட்டைகளுக்கு நடுவே சாம்பலும் பொன்னிறமுமாக மினுமினுவென்று சின்னச் சின்னக் கல் மாதிரி கொட்டிக் கிடக்கிறதே, அதைப் பெரிதாக்கிப் பார். ஒவ்வொரு துண்டும் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விசிறி மடிப்பாக இருக்கும். அது வெர்மிகுலைட். "ஏதோ பழைய குப்பை, அள்ளிப் போட்டுவிட்டுப் புதுசு போடப் போறான்" என்று நீ சொன்னாயே, அந்தக் குப்பையைக் கையால் அள்ளவே கூடாது.

வெர்மிகுலைட் என்பது அப்ரக வகைக் கனிமம். சூடாக்கினால் பொரிந்து விரியும், எடையே இருக்காது, உள்ளே காற்று அடைபட்டு நிற்கும். அதனால் அந்தக் காலத்தில் மூட்டை மூட்டையாக வாங்கிவந்து குளிருக்குப் பரணில் கொட்டினார்கள். வெர்மிகுலைட்டால் மட்டும் பெரிய கெடுதல் கிடையாது. அமெரிக்காவில் மான்டானா மாநிலத்தில் லிபி என்று ஒரு ஊர், அங்கிருந்த சுரங்கத்தில் வெர்மிகுலைட்டும் நார் நாராகப் பிரியும் ஆஸ்பெஸ்டாஸும் ஒரே பாறையில் கலந்து கிடந்தன. 1919 முதல் 1990 வரை அமெரிக்காவில் விற்ற வெர்மிகுலைட்டில் 70 சதவீதத்துக்கு மேல் அந்த ஒரு சுரங்கத்துச் சரக்கு, கனடா வீடுகளுக்கும் அதுதான் ஜோனோலைட் என்ற பெயரில் போனது. லிபியில் சுரங்கத்து வாசலையே மிதிக்காதவர்கள், வேலைக்குப் போய்வந்த புருஷனின் உடுப்பைத் துவைத்த பெண்கள்கூட, நுரையீரல் நோயில் விழுந்தார்கள். 2009-ல் அமெரிக்க அரசு அந்த ஊருக்காகப் பொதுச் சுகாதார அவசரநிலையே அறிவித்தது.

நீ கேட்டது நியாயமான கேள்விதான். "உல்சூர்ல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழதானடா வளர்ந்தோம், நமக்கு என்ன ஆயிடுச்சு?" என்றாய். ஷீட்டில் இருக்கும் நார் சிமென்டோடு இறுகிக் கிடக்கிறது. உடைத்தால், அறுத்தால், துளை போட்டால் அதுவும் ஆபத்துதான், நம் ஊரில் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை, அது எனக்கு இன்றுவரை ஆத்திரமாக இருக்கிறது. பரணில் கிடப்பது கட்டு எதுவும் இல்லாமல் உதிரியாகக் கிடக்கிறது. லிபியின் ஆஸ்பெஸ்டாஸ் ஊசி போன்ற வகை, உள்ளே போனால் நுரையீரலை விட்டு லேசில் வெளியே வராது. நோய் தலைகாட்ட இருபது, முப்பது, நாற்பது வருஷம் ஆகும். இன்றைக்கு அள்ளிவிட்டு நாளைக்கு இருமல் இல்லை என்று சந்தோஷப்பட இதில் ஒன்றும் இல்லை. ஆஸ்பெஸ்டாஸைத் தோண்டி உலகத்துக்கே விற்ற கனடாவே 2018-ல் அதைத் தடை செய்தது. கியூபெக்கில் ஆஸ்பெஸ்டாஸ் என்றே பெயர் வைத்திருந்த ஊர் 2020-ல் பெயரை மாற்றிக்கொண்டது. அந்தச் சுரங்கங்களின் கடைசி வருஷங்களில் அதிகம் வாங்கிய நாடுகளில் நம்முடையதும் ஒன்று என்பதையும் நினைத்துப் பார்.

வீட்டு வாக்குவம் கிளீனரில் மாட்டியிருக்கும் பை இந்த நாரைப் பிடிக்காது. முன்னால் உறிஞ்சிப் பின்னால் வீடு முழுக்கத் தூவிவிடும். துணி மாஸ்க்கும் சாதாரணத் தூசி மாஸ்க்கும் இதற்கு உதவாது. கீழே உன் பேத்தி தரையில் தவழ்கிறாள், சேகர். எனக்குப் போனில் குரல் உயர்ந்தது அதனால்தான்.

இப்போதைக்கு அவன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பரண் கதவை மூடி, சுற்றிலும் டேப் ஒட்டிவிட வேண்டும். அங்கே பெட்டி, சூட்கேஸ், கொலு பொம்மை எதையும் வைக்கக் கூடாது. மேல்மாடி உள்கூரையில் விளக்கு மாட்டியிருக்கும் இடங்களைச் சுற்றி விரிசல் இருந்தால் கீழிருந்தே பூசி அடைத்துவிடலாம், மின்விசிறி மாட்டப் புதுசாகத் துளை போட வேண்டாம். எலக்ட்ரீஷியன் யார் வந்தாலும் மேலே இது இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சுவருக்குள்ளும் இறங்கியிருக்கலாம், பழைய ஸ்விட்ச் பெட்டியைக் கழற்றினால் பொலபொலவென்று கொட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம்தான், ஆனால் ஒரு மூலையில் எடுத்த மாதிரியில் ஆஸ்பெஸ்டாஸ் தென்படாவிட்டால் அடுத்த மூலையில் இல்லை என்று ஆகிவிடாது. அதனால் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடப்பதுதான் புத்தி. அகற்றுவதென்றால் அதற்கென்று பயிற்சி பெற்ற ஆட்கள் வருவார்கள், பிளாஸ்டிக் திரை கட்டி, பரணின் காற்று வீட்டுக்குள் இறங்காதபடி வெளியே இழுத்துக்கொண்டே, பெரிய குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பார்கள். ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். நீ பணம் கொடுத்தே தீருவேன் என்று நின்றால் இதற்குக் கொடு.

ஏனென்றால் ஜன்னலுக்குக் கொடுக்கப் போகிறாய் என்றதும் எனக்கு அடுத்த கோபம் வந்துவிட்டது. சந்தையில் கொத்தமல்லிக் கட்டுக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிற ஆள், வீட்டு ஜன்னல் அத்தனையையும் மாற்ற எஃப்டியை உடைக்கிறேன் என்கிறாய்! வாசலுக்கு வந்த விற்பனைக்காரர் ஜன்னல்தான் குளிருக்குக் காரணம் என்றாராம், பையனும் நம்பிவிட்டான். அவனைக் குறை சொல்லவில்லை, ஜன்னல் பக்கத்தில் நின்றால் குளிர் முகத்தில் அடிக்கிறது, யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் குளிரைத் தடுக்கும் திறனை அங்கே ஆர் என்ற எண்ணால் அளக்கிறார்கள். மூன்று கண்ணாடி வைத்த விலை உயர்ந்த ஜன்னலே ஆர்-5, 6ஐத் தாண்டுவது அரிது. பரணுக்கு ஆர்-60 வரை போடலாம், அதுவும் ஜன்னல் செலவில் ஒரு பகுதிக்கே. இப்போது அங்கே கிடக்கும் வெர்மிகுலைட் அங்குலத்துக்கு ஆர்-2 சொச்சம், நாலு அங்குலம் இருந்தால் எட்டு, ஒன்பது தேறும். ஜனவரியில் வெளியே மைனஸ் 30, உள்ளே 21. ஐம்பது டிகிரி வித்தியாசத்துக்கு நடுவில் தலைக்குமேல் அவ்வளவுதான் இருக்கிறது.

அதற்கும் முன்னால் காற்று. இதைத்தான் யாரும் கேட்பதில்லை. நந்தி மலைக்கு விடியற்காலையில் ஸ்கூட்டரில் போனோமே, இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நீ நடுங்கி, கடைசியில் டீக்கடையில் பழைய பேப்பர் வாங்கிச் சட்டைக்குள் செருகியதும்தான் உனக்கு உயிர் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? வீடும் அப்படித்தான். சூடான காற்று மேலே ஏறி, புகைபோக்கியைச் சுற்றி, குளியலறைக் குழாயைச் சுற்றி, விளக்குத் துளை வழியாகப் பரணுக்குள் நழுவிப் போய்விடும். போன காற்றுக்கு ஈடாகக் கீழே பேஸ்மென்ட் பக்கம் பனிக்காற்று உள்ளே வரும். அந்தக் காலத்து மரவீடுகளில் சுவரின் உள்கூடு பேஸ்மென்டிலிருந்து பரண் வரை திறந்தே போகும், காற்றுக்கு ராஜபாட்டை. அந்த ஓட்டைகளை அடைக்காமல் மேலே எவ்வளவு கொட்டினாலும் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர்தான்.

நழுவிய காற்றில் ஈரமும் சேர்ந்து போகிறது. ஜனவரியில் பரணில் தலையை நீட்டிப் பார்த்தால் கூரைப் பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி முனை ஒவ்வொன்றிலும் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும், மார்ச்சில் அது உருகிச் சொட்டும், ஜனங்கள் கூரை ஒழுகுகிறது என்று கூரைக்காரரைக் கூப்பிடுவார்கள். சூடு மேலே போய்க் கூரைமேல் கிடக்கும் பனியையும் அடியிலிருந்து உருக்கும். உருகிய தண்ணீர் வழிந்து, சூடு எட்டாத இறவாரத்துக்கு வந்ததும் மறுபடி உறைந்து கரை கட்டிவிடும். அதற்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் கூரை ஓட்டுக்கு அடியில் புகுந்து சுவருக்குள் இறங்கும். கார்த்தி அனுப்பிய படத்தில் படுக்கையறை மூலையில் பழுப்பாக ஒரு கறை தெரிகிறது, எனக்கு அதன்மேல்தான் சந்தேகம்.

சாதாரணமாக நான் முதலில் சொல்வது, வாசலில் பெரிய விசிறி மாட்டி வீட்டுக் காற்றை வெளியே இழுத்து எங்கெங்கே ஒழுகுகிறது என்று பார்க்கும் சோதனையைச் செய் என்பதுதான். இந்த வீட்டில் அதையும் செய்யக் கூடாது. அப்படி இழுக்கும்போது பரணில் இருக்கும் நார் விரிசல் வழியாகக் கீழே வந்துவிடும். விஷயம் தெரிந்த ஆலோசகர் வெர்மிகுலைட்டைப் பார்த்தாலே அந்த விசிறியை எடுக்க மாட்டார். எடுப்பவராக இருந்தால் அவரை அனுப்பிவிடச் சொல். முதலில் அகற்றுவது, பிறகு மேலிருந்து ஓட்டைகளை அடைப்பது, அதற்குப் பிறகு செல்லுலோஸ் நிரப்புவது. செல்லுலோஸ் என்றால் பழைய செய்தித்தாளை அரைத்து, தீப்பிடிக்காமல் இருக்க போரேட் உப்பு கலந்தது. பதினாறு, பதினேழு அங்குல உயரத்துக்குப் போட்டால் ஆர்-60 கிடைத்துவிடும். மத்திய அரசின் 5,000 டாலர் மானியம் பற்றி உன் மச்சினர் சொன்னது பழைய கதை, 2024-லேயே புது விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அந்த மாகாணத்தின் எரிசக்திச் சிக்கன அமைப்பான எஃபிஷியன்சி மானிடோபாவில் இன்சுலேஷனுக்கு, அதாவது இந்த மாதிரி குளிர் தடுக்கும் அடைப்புக்கு, உதவித்தொகை உண்டு, வேலையைத் தொடங்கும் முன் அவர்களிடம் கேட்டுவிடச் சொல்.

இதெல்லாம் புதுசாக யாரோ கண்டுபிடித்த ஃபேஷன் இல்லை, சேகர். பக்கத்து மாகாணத்தில், ரெஜைனாவில், 1977-ல் ஒரு வீடு கட்டினார்கள். ஹரோல்ட் ஓர் என்ற பொறியாளர் அதில் முக்கியமானவர். கனமான இன்சுலேஷன், காற்று நுழையாத சுவர், உள்ளே போகும் குளிர்ந்த காற்றுக்கு வெளியேறும் காற்றின் சூட்டை மாற்றிக் கொடுக்கும் ஒரு கருவி. அந்தக் குளிரில், வீட்டைச் சூடாக்கும் வழக்கமான ஃபர்னஸ் இல்லாமலே அந்த வீடு நின்றது. மிகக் குறைந்த சூட்டுச் செலவில் நிற்கும் வீட்டை ஜெர்மனிக்காரர்கள் பாசிவ் ஹவுஸ் என்று பின்னால் கொண்டாடியதற்கு அதுவும் ஒரு வழிகாட்டி. அந்தப் புல்வெளிச் சமவெளியில் வேலை கற்றுக்கொண்டேன் என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

சுவருக்கும் செல்லுலோஸ் அடைக்கலாம், அவசரம் இல்லை. அதற்கு முன்னால், பீங்கான் குமிழ்களில் ஓடும் பழைய ஒயர் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்த்தாக வேண்டும். அந்த ஒயர் தன் சூட்டைக் காற்றில் விட்டுப் பிழைப்பது, சுற்றி எதையாவது அடைத்தால் சூடேறிவிடும். காப்பீட்டுக் கம்பெனிகளும் அந்த ஒயரைக் கண்டால் முகம் சுளிப்பார்கள்.

கார்த்திக்கு இந்தச் சனிக்கிழமை கை பரபரக்கிறது என்றால் பேஸ்மென்டுக்கு அனுப்பு. தரைக்கட்டைகள் அஸ்திவாரச் சுவர்மேல் உட்காரும் விளிம்பு இருக்கிறதே, அங்கே ஈரமான புறங்கையை வைத்துப் பார்த்தால் காற்று எங்கே வருகிறது என்று சொல்லிவிடும். அங்கேயும் அந்த மினுமினுப்பு எதுவும் கொட்டிக் கிடக்கவில்லை என்றால், கட்டைகளுக்கு நடுவே கெட்டி ஃபோம் பலகையை அளவாக வெட்டி வைத்து ஓரத்தை ஸ்ப்ரே ஃபோமால் அடைக்கலாம். ஃபோமை அப்படியே திறந்து விடக் கூடாது, தீ விதிப்படி எதைக் கொண்டு மூட வேண்டும் என்று நகராட்சியில் கேட்டுக்கொள்ளட்டும். ஜன்னல்களுக்கு இந்த வருஷம் ஓரப் பட்டையும், ஹேர் டிரையரால் இறுக்கும் பிளாஸ்டிக் தாளும் போதும், இரண்டும் எந்தக் கடையிலும் கிடைக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால் அதைத்தான் முதலில் வாங்க வேண்டும். வீட்டை இறுக்க இறுக்க ஃபர்னஸ் புகை சரியாக வெளியே போகிறதா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும், காற்று மாற்றும் கருவியும் பிறகு தேவைப்படும். அதைப் பற்றித் தனியாகப் பேசலாம்.

எஃப்டியை உடைக்காதே. ஜன்னல்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்திருந்தால் ரத்து செய்ய எத்தனை நாள் அவகாசம் என்று ஒப்பந்தத்தில் பார்க்கச் சொல், இன்றைக்கே. வெள்ளிக்கிழமை நம் ராத்திரி எட்டு மணிக்கு அவனுக்குக் காலை ஒன்பதரை, என்னை வீடியோவில் கூப்பிடட்டும், பேஸ்மென்டையும் ஃபர்னஸையும் காட்டட்டும், பரண் கதவைத் திறந்து காட்ட வேண்டாம். அம்மா உன்னையும் தங்கச்சியையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடியே வந்துவிடு.

உன்,
மணி