திரும்பத் திரும்ப அழைத்த அண்ணனுக்கு

அன்புள்ள ஆய்வகத் தோழர்களுக்கும், அல்சூர் வீட்டுத் தோழிகளுக்கும், பெங்களூரில் உள்ள நம் தமிழ் நண்பர் கூட்டத்துக்கும்,

படங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. "கிடைத்தது" என்று தேர்வாளரிடமிருந்து ஒற்றைச் சொல்லில் பதிலும் வந்துவிட்டது. படபடப்பு இன்னும் முழுதாக அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதினால் நன்றி வெறும் சம்பிரதாயமாகிவிடும் என்று இப்போதே உட்கார்ந்துவிட்டேன். தேர்வாளருக்கு அனுப்ப வேண்டிய படங்களைச் செய்யும் நேரம் பார்த்து, தொலைவில் உள்ள நம் சர்வர் கணினியின் படம் காட்டும் ஜன்னல் திறக்க மறுத்த கதையை உங்களுக்கு நான் மறுபடி விளக்க வேண்டியதில்லை. ஆயுத பூசைக்கு முந்தின நாள் மாலையிலிருந்து என் புலம்பலைக் கேட்டு உங்கள் காது புளித்திருக்கும்.

இந்த மடலில் பெரும்பங்கு ஒருவருக்கு. நம் ஆய்வக வாசலில், சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில், "கேபிள் பழுதுக்கு அழைக்கவும்" என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறதே, அந்த எண்ணுக்கு உரிய அண்ணன். பெயர் போட வேண்டாம் என்றார்; போடவில்லை. ஒப்பந்தப் பணியில் நாலைந்து கட்டடங்களைப் பார்த்துக்கொள்கிறார். ஊர் கோலார் தங்கவயல். 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு அந்த ஊரிலிருந்து தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வந்து உழைத்துவிட்டு இரவு வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களில் இவரும் ஒருவர். இந்த வேலைக்கு வருவதற்கு முன் சிப் வடிவமைக்கும் ஒரு நிறுவனத்தில் இரவுநேரக் கணினி உதவிப் பிரிவில் இருந்தாராம். அங்கே பொறியாளர்கள் எல்லாருமே தொலைவில் உள்ள சர்வரின் திரையைத் தங்கள் மேசையில் வரவழைத்துத்தான் வேலை பார்ப்பார்கள். இந்த நோய்கள் அவருக்கு அத்துப்படி.

ஆயுத பூசை மாலை. சர்வர் நிர்வாகத்தினர் எல்லாரும் விடுமுறையில் இருந்தார்கள். வேறு யாரை அழைப்பது என்று தெரியாமல்தான் சீட்டிலிருந்த எண்ணை அழுத்தினேன். நம் நெட்வொர்க் பெட்டிகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, பொரி கடலைப் பொட்டலத்தோடு, ஊர் திரும்பும் மாரிக்குப்பம் ரயிலில் அண்ணன் ஏறியிருந்தார்.

"சர்வருக்குள் நுழைய முடிகிறதா அம்மா?" என்பதுதான் முதல் கேள்வி.

"நுழைய முடிகிறது அண்ணா. கட்டளை எழுதினால் வேலை செய்கிறது. படம் காட்டும் ஜன்னல் மட்டும் திறக்கவில்லை."

"அப்படியானால் என் கேபிள்மேல் பழி இல்லை" என்று சிரித்தார். அங்கேயே வைத்திருக்கலாம். அவருக்கும் அந்தச் சர்வருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது வேறு துறையின் பொறுப்பு. அன்று அவருக்கு விடுமுறை வேறு. "இருங்கள், இங்கே ஒரே சத்தம், கதவுப் பக்கம் போகிறேன்" என்றார்.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு மறக்காது. கிருஷ்ணராஜபுரம் தாண்டியதும் அழைப்பு அறுந்தது. நான் மறுபடி போடுவதற்குள் அவரே அழைத்தார். ஒயிட்ஃபீல்டுக்கு அப்பால் அறுந்தது, அவரே அழைத்தார். மாலூரில், டேக்கலின் பாறைக் குன்றுகளுக்கு நடுவில், பங்காரப்பேட்டை நடைமேடையில் என்று எங்கெல்லாம் சிக்னல் கிடைத்ததோ அங்கெல்லாம் என் தொலைபேசி ஒலித்தது. ஒவ்வொரு முறையும் முன்கதை எதுவும் கேட்காமல், விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார்: "சரி, அந்த வரியில் என்ன வந்தது?"

ஜன்னலை எந்தத் திரையில் காட்டுவது என்று குறித்து வைத்திருப்பது 'டிஸ்பிளே' என்ற மாறி. அதைப் பார்க்க முதலில் 'எக்கோ டாலர் டிஸ்பிளே' என்று அடிக்கச் சொன்னார். வெற்று வரி வந்தது. 'லோக்கல்ஹோஸ்ட்', கோலன், 10.0 என்று வந்திருக்க வேண்டுமாம். எஸ்.எஸ்.எச். (தொலைக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) வழியாக எக்ஸ் (அங்கே ஓடும் நிரலின் ஜன்னலை இங்கே காட்டும் முறை) திரையை அனுப்பும்போது வரிசை எண் வழக்கமாகப் பத்தில்தான் தொடங்கும் என்றார். அடுத்து 'எக்ஸ்-ஆத்' நிரல் சர்வரில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இருந்தது. அது இல்லாவிட்டால் திரைக்கான நுழைவுச்சீட்டை எழுத ஆளிருக்காது. வீட்டு அடைவில் இடம் தீர்ந்துபோய் அந்தச் சீட்டை எழுத முடியாமல் போவதும் உண்டு. அதையும் பார்த்தோம், இடம் தாராளமாக இருந்தது. பிறகு இணைப்பை 'ஹைஃபன் வி' போட்டு மறுபடி ஏற்படுத்தி, ஓடும் வரிகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். எக்ஸ்11 அனுப்பும் கோரிக்கை தோற்றது என்ற வரி வரும்வரை வாசித்தேன். அவர் அவசரப்படுத்தவே இல்லை. நடுவில் பொரி மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

சர்வரின் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்க்க எனக்கு அனுமதி இருந்தது. அதில் எக்ஸ்11 அனுப்பலுக்கு 'யெஸ்' என்றுதான் போட்டிருந்தார்கள். நான் சோர்ந்துவிட்டேன். அவர் மட்டும் உற்சாகமானார். "ஐபி அட்ர் என்று அடியுங்கள். கணினி தன்னையே அழைத்துக்கொள்ளும் 'லோ' என்ற தலைப்பின் கீழே ஐநெட்6 என்று ஒரு வரி இருக்கிறதா?"

இல்லை.

"அதுதான் அம்மா! விடுமுறைக்கு முன்னால் பாதுகாப்புச் சீரமைப்பு என்று ஏதோ செய்து ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரியை அணைத்திருக்கிறார்கள். எஸ்.எஸ்.எச். சேவை அந்த முகவரியிலும் காது வைக்கப் பார்க்கிறது. முடியவில்லை என்றதும் திரையையே கைவிட்டுவிடுகிறது. கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்து, பழைய வகையான ஐபிவி4 மட்டும் போதும் என்று சொல்லிச் சேவையை மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும்." அந்த ஒரு வரியைச் சேர்க்க நிர்வாகி உரிமை வேண்டும். நிர்வாகியோ சொந்த ஊரில்.

மாலூரில் ரயில் நின்றிருந்தபோது ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுத்தார். எத்தனையோ நாளாக எக்ஸைப் பயன்படுத்தியும் எனக்கு யாரும் சொல்லாதது. சர்வரில் ஓடும் நிரல் படம் வரைவதில்லை. 'இங்கே ஒரு கோடு போடு, அங்கே ஒரு எழுத்து வை' என்று என் மேசைக் கணினியிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வரைவது என் கணினி. பல கேள்விகளுக்குப் பதில் போய்வர வேண்டியிருப்பதால், வீட்டு இணைப்பில் ஒரு மெனு திறப்பதற்குள் காப்பி ஆறிவிடுகிறது. நடுவில் இணைப்பு அறுந்தால் நிரலும் சேர்ந்து செத்துவிடும். எக்ஸ் விண்டோ 1984-இல் எம்.ஐ.டி.யில் பிறந்தது, நாம் பயன்படுத்தும் பதினோராம் பதிப்பு 1987-இல் வந்தது. என்னைவிட மூத்தது, ஆகவே குறை சொல்ல மனம் வரவில்லை.

"வி.என்.சி. போட்டுவிடலாம்" என்றார். அதில் திரை முழுவதும் சர்வரிலேயே உருவாகிறது. நம்மிடம் வருவது அதன் படம் மட்டும். அதைத் தொடங்க நிர்வாகி உரிமை தேவையில்லை, மென்பொருள் ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்தால் போதும். நம் சர்வரில் பழைய பதிப்பு ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. வெளியார் யாரும் எட்டிப் பார்க்காதபடி 'ஹைஃபன் லோக்கல்ஹோஸ்ட்' சேர்த்துத் தொடங்கச் சொன்னார். ஒன்றாம் எண் திரை கிடைத்தது. அப்படியானால் போர்ட், அதாவது இணைப்பு நுழையும் வாசல் எண், 5901. என் கணினியில் இன்னொரு கட்டளை: எஸ்.எஸ்.எச்., இடைவெளி, ஹைஃபன், பெரிய எழுத்தில் எல், 5901, கோலன், லோக்கல்ஹோஸ்ட், கோலன், மறுபடி 5901. ரயில் தடதடப்பில் 'கோலன்' என்பது எனக்கு 'கோலார்' என்று கேட்டது. அதையும் அவர் பொறுமையாகத் திருத்தினார்.

திரை திறந்தது. உள்ளே சாம்பல் நிறம், நடுவில் ஒரு பெருக்கல் குறி. வேறு எதுவும் இல்லை. அந்த நேரம் பார்த்து அழைப்பும் அறுந்தது. அடுத்த அழைப்பு வரும்வரை அந்தப் பெருக்கல் குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டேக்கல் தாண்டி அழைத்தார். "சாம்பலா? நல்லது, பாதிக் கிணறு தாண்டியாயிற்று. திரை திறந்ததும் ஓட வேண்டிய எக்ஸ்-ஸ்டார்ட்அப் கோப்புக்கு இயங்கும் அனுமதி இல்லை. கொடுத்துவிட்டுத் திரையை மூடித் திறங்கள்." திறந்தேன். ஐகான்கள், பட்டைகள், கோப்புறைகள் எல்லாம் வந்தன. படங்களைச் செய்யும் பாராவியூ நிரலும் திறந்தது. அங்கே வரைகலை அட்டையின் துணை இல்லாததால் முப்பரிமாணப் படம் மெதுவாகச் சுழன்றது. "சுழலட்டும், நின்றுபோனால்தான் கவலை" என்றார். உரிகம் நெருங்குகிறது, இறங்க ஆயத்தமாக வேண்டும் என்று சொல்லி, நான் நன்றி சொல்வதற்குள் வைத்துவிட்டார். அன்று அழைப்பு அறுந்து, அவர் திரும்ப அழைக்காத ஒரே தருணம் அதுதான்.

மறுநாள் விஜயதசமி காலையில் அல்சூரில் மின்வெட்டு. வீட்டு ரூட்டர் அணைந்துபோனது. பழைய வழியில் இருந்திருந்தால் இரவெல்லாம் கோத்த காட்சிகள் அத்தனையும் போயிருக்கும். மின்சாரம் வந்து மறுபடி இணைந்தபோது எல்லாம் விட்டபடியே இருந்தது. மவுஸ் குறிகூட இடம் மாறவில்லை.

மற்றவர்களைக் கொத்தாகச் சேர்த்துச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். பூசை போட்ட கணினியைத் தொடுவது சரியா என்று கன்னடத்தில் தயங்கிவிட்டு, விசைப்பலகையின் சந்தனப் பொட்டு அழியாமல் வேலை பார்க்கும்படி சொல்லிக் கதவைத் திறந்துவிட்ட காவலாளி அண்ணா. புளியோதரையும் சுண்டலும் கொடுத்தனுப்பிய மாடிவீட்டு அத்தை. இரவு என்னோடு விழித்திருந்த அறைத்தோழிகள். விடுமுறை முடிந்து வந்த அன்றே அந்த ஒரு வரியைச் சேர்த்துச் சேவையை மறுபடி தொடங்கிய சர்வர் நிர்வாகி. யோசனை அனுப்பிய எல்லாரும். 'எக்ஸ்-ஹோஸ்ட் பிளஸ்' அடி, எல்லாம் சரியாகிவிடும் என்று அனுப்பியவர்களுக்கும் நன்றி உண்டு, கூடவே ஒரு குட்டும் உண்டு. அது திரையின் கதவைத் திறந்துபோடும் வேலை. உள்ளே வந்தவர் நாம் தட்டும் கடவுச்சொல்லைக்கூடப் படிக்கலாம். அதோடு இந்தக் கோளாறுக்கு அது மருந்தும் இல்லை.

ஒரு சபதம் எடுத்திருக்கிறேன். அண்ணன் பார்த்த வரிசையிலேயே, டிஸ்பிளே மாறி, எக்ஸ்-ஆத், வட்டில் இடம், 'ஹைஃபன் வி', அமைப்புக் கோப்பு, ஐபிவி6 என்று ஒரே பக்கத்தில் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டப்போகிறேன். கன்னடத்துக்கு ஒரு கை தேவைப்படுகிறது, முன்வருபவர் சொல்லுங்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் மாணவர்கள் இரவில் அழைத்தாலும் எடுப்பேன். அழைப்பு அறுந்தால் நானே திரும்ப அழைப்பேன். சிடுசிடுக்காமல் இருப்பேன் என்று மட்டும் உறுதி கூற இயலவில்லை.

அண்ணனின் தொலைபேசிக்கு ரீசார்ஜ் செய்துவிடுகிறேன் என்றேன், கடிந்துகொண்டார். இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியைக் காவலாளிக்கு அனுப்பிவிட்டார். வேறு என்னதான் செய்வது என்று விடாமல் கேட்டதற்கு ஒன்றே ஒன்று சொன்னார், அதை அப்படியே உங்களிடம் சேர்க்கிறேன்: மூன்றாம் மாடியில் ஜன்னலோரம் உட்காருபவர்கள் நாற்காலிச் சக்கரத்தைத் தரையில் போகும் நீலக் கேபிள்மேல் ஏற்றக் கூடாதாம். இந்த ஆண்டு அதை ஏற்கெனவே மாற்றிவிட்டாராம்.