எழுபதைத் தாண்டியவர்களின் ஓட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, சங்கத்தின் அண்ணாமாரே, அக்காமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

கடந்த ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரையான நமது நடை, ஓட்டச் சங்கத்தின் ஆண்டறிக்கையைச் சபைமுன் வைக்கிறேன். நிர்வாகசபை மாதம் ஒருமுறை கூடியது. பனிப்புயலால் பெப்ரவரிக் கூட்டம் மட்டும் தொலைபேசியில் நடந்தது. சந்தாவில் மாற்றம் இல்லை. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இவற்றை இத்தோடு விட்டு, ஆண்டு முழுவதும் நம்மோடு கூடவே வந்த விடயத்துக்கு வருகிறேன்.

70 வயதைத் தாண்டியவர்களை ஓட்டப் பிரிவில் இருந்து நடைப் பிரிவுக்கு மாற்றலாம் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் ஒரு பிரேரணை வந்தது. அக்கறையில் வந்த பிரேரணைதான். ஆனால் பின்வரிசையில் இருந்த 71 வயது அக்கா ஒருவர், ஒன்றும் பேசாமல் குனிந்து தன் ஓட்டச் சப்பாத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்ததை நான் கண்டேன். அன்று இரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை. பிரேரணையை ஓராண்டு ஒத்திவைத்து, அந்த வயதில் ஓடுபவர்களைப் பற்றித் தகவல் திரட்டும்படி என்னிடம் சொன்னீர்கள். திரட்டியதைச் சொல்கிறேன்.

தூரத்துக்குப் போகத் தேவையே இருக்கவில்லை. நாம் ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஏரிக்கரையில் நின்று கைதட்டுகிற அதே ரொறன்ரோ மரதனில்தான் உலக சாதனைகள் நடந்திருக்கின்றன. எட் விற்லொக் இங்கிலாந்தில் பிறந்து கனடா வந்த சுரங்கப் பொறியியலாளர். நமக்கு மேற்கே மில்ரனில் வாழ்ந்தவர். 70 வயதில் 3 மணித்தியாலத்துக்குள் மரதனை முடிக்கப் பார்த்து, 24 செக்கனால் தவறவிட்டார். விடவில்லை. 2003இல், 72 வயதில், 2 மணி 59 நிமிடம் 10 செக்கனில் முடித்தார். 70ஐத் தாண்டிய ஒருவர் 3 மணித்தியாலத்துக்குள் ஓடியது உலகில் அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டு, ஒரு வயது கூடிய பிறகு, 2:54:48. கிலோமீற்றர் ஒன்றுக்கு நாலு நிமிடம் ஒன்பது செக்கன் என்று 42.195 கிலோமீற்றரும் ஓடியிருக்கிறார். நம் இளைஞர் அணியில் ஒரேயொரு கிலோமீற்றரை அந்த வேகத்தில் ஓடக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

ஜூன் மாத ஞாயிறு ஒன்றில் இரண்டு வான்களில் மில்ரன் போனோம். அவர் பயிற்சி செய்தது மைதானத்தில் அல்ல, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த எவர்கிறீன் கல்லறைத் தோட்டத்தில். சேமக்காலைக்குச் சும்மா போவதா, வந்து தலை முழுக வேண்டுமா என்று சிலர் தயங்கினார்கள். போன பிறகு ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஒடுங்கிய பாதை, இரண்டு பக்கமும் நடுகற்கள், மரநிழல். வாகனம் இல்லை. சுற்றிச் சுற்றி ஓடினால் எதிர்க்காற்றும் கொஞ்ச நேரந்தான். அந்தப் பாதையில் நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம்வரை மெதுவாக, குறுகிய அடி வைத்து ஓடுவாராம். சுற்றுகளை எண்ணுவதில்லை, நேரத்தை மட்டும் பார்ப்பார். பயிற்றுநர் இல்லை, விசேட சாப்பாடு இல்லை, போட்டிக்கும் பல வருடப் பழைய சப்பாத்துத்தான். நம்மவர்கள் ஒரு சுற்று நடந்தார்கள். பிறகு ஒருவரும் சொல்லாமலே இரண்டாவது சுற்றை ஓடத் தொடங்கினார்கள். சப்பாத்தைக் கழற்றி வைத்த அக்காதான் முன்னுக்கு.

80 வயதில் விற்லொக் இதே ரொறன்ரோவில் 3:15:54 ஓடினார். 2011 ஒக்டோபர் 16. 100 வயது என்று அறியப்பட்ட பௌஜா சிங் ஐயா எட்டு மணித்தியாலத்துக்கு மேல் நடந்தும் ஓடியும் முடித்ததும் அதே நாள், அதே பாதையில். 85 வயதில் விற்லொக் 3:56:34. ஐந்து மாதம் கழித்து, 2017 மார்ச்சில், புற்றுநோயால் காலமானார்.

அவருடைய 2:54:48 உலக சாதனையாகப் பதினேழு வருடத்துக்கு மேல் நின்றது. இடையில் நடந்த ஒன்றை நம் சங்கம் அவசியம் அறிய வேண்டும். அமெரிக்கரான ஜீன் டைக்ஸ் 2018 டிசம்பரில் ஜக்சன்வில் மரதனில் 70 வயதில் 2:54:23 ஓடினார், 25 செக்கன் வேகமாக. பாதை முறையாக அளக்கப்பட்டதுதான். ஆனால் அந்தப் போட்டிக்குத் தேசிய தடகள அமைப்பின் அனுமதி பெறப்பட்டிருக்கவில்லை. சாதனைப் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை. ஓடியவரின் கால் தன் வேலையைச் செய்தது, கடதாசி வேலையைச் செய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை. செயலாளர் என்ற முறையில் அதை வாசித்தபோது எனக்கு வயிறு கலங்கியது.

ஏனென்றால் நம் வீட்டிலும் ஒரு பிழை இருந்தது. தொம்சன் பூங்காவில் நாம் 5 கிலோமீற்றர் என்று நம்பி ஓடிய பாதை, கைத்தொலைபேசி காட்டியதை வைத்து நான் குறித்தது. சாதனைக்குரிய பாதையைச் சைக்கிள் சில்லில் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்தி அளக்கிறார்கள். குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் கூட்டியும் வைக்கிறார்கள். இதை அறிந்ததும் அளவுச் சில்லு ஒன்றை வாடகைக்கு எடுத்து உருட்டிப் பார்த்தோம். பாதை 180 மீற்றர் குறைவு. இரண்டு வருட நேரங்களைக் குறிப்பேட்டில் சிவப்பு மையால் வெட்டினேன். மனவருத்தப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். புதிய பாதை சரியானது.

விற்லொக்கின் சாதனையை முறியடித்தவர் நெதர்லாந்தின் மாஸ்த்ரிக்ட்டைச் சேர்ந்த யோ ஸ்கோன்புரோட். 2022 மே மாதம் பெல்ஜியத்தில், 71 வயதில், 2:54:19. டைக்ஸின் நேரத்தையும் நாலு செக்கனால் முந்திவிட்டார். முப்பதுகளின் நடுப்பகுதியில்தான் ஓடத் தொடங்கியவர், வேலைக்கே ஓடிப் போனவர். வருடத்தில் 7,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருக்கிறார், பெரும்பாலும் மெதுவாக. ஆய்வுகூடத்தில் அவரைச் சோதித்தபோது, உடல் எடை கிலோ ஒன்றுக்கு நிமிடத்துக்கு உச்சமாக 46.9 மில்லிலீற்றர் ஒட்சிசனை எடுக்கிறார் என்று தெரிந்தது. அந்த உச்ச அளவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வைத்தே மரதன் முழுவதும் ஓடக்கூடியவராக இருக்கிறார். பல்லாண்டாக விடாமல் ஓடியது அவரை அப்படி ஆக்கியிருக்கிறது என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

அக்காமாருக்காக இன்னொருவர். கொரியாவில் பிறந்து அமெரிக்காவின் ஒஹாயோவில் வாழும் ஜீனி ரைஸ். ஊருக்குப் போய் வந்தபோது உடம்பு வைத்துவிட்டது என்று 35 வயதில் ஓடத் தொடங்கினார். நமக்கு நன்றாகத் தெரிந்த கதைதானே? 2019இல் பேர்லினில், 71 வயதில், 3:24:48. 2024 ஏப்ரலில் லண்டனில், 76 வயதில், 3:33:27. அவருடைய ஒட்சிசன் அளவு 47.9 என்று பிறகு வந்த ஆய்வு சொல்கிறது, 75ஐத் தாண்டிய பெண்களில் அறியப்பட்ட மிகக் கூடிய அளவு அது.

இந்த விவரங்களை நவம்பர் கூட்டத்தில் வாசித்ததும், பிரேரணையைக் கொண்டுவந்த அண்ணரே எழுந்து அதை மீளப் பெற்றார். அவருக்குச் சங்கத்தின் நன்றி. கூடவே அவர் கேட்ட நிபந்தனை நியாயமானது. 60ஐத் தாண்டி ஓடுபவர்கள் குடும்ப வைத்தியரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வர வேண்டும், நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றோ வந்தால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நிர்வாகசபை அதை ஏற்றுக்கொண்டது. சப்பாத்தைக் கழற்றி வைத்த அந்த அக்கா ஒக்டோபரிலேயே ஏரிக்கரையில் அரை மரதன் ஓடி முடித்திருந்தார், மூன்று மணித்தியாலத்துக்குள். கடைசி வளைவில் பேத்தி கத்திக்கொண்டு கூட ஓடினாள். அக்கா திரும்பியும் பார்க்கவில்லை, மணிக்கூட்டைத்தான் பார்த்தார்.

மூத்தோர் ஓட்டத்தில் ஐந்து வருடத்துக்கு ஒரு பிரிவு, போட்டி நாளன்று உள்ள வயதுதான் கணக்கு. ஆகவே 70ஆவது பிறந்தநாள் வருகிறது என்றால் ஓட்டக்காரருக்குப் புதுப் பிரிவில் முதல் நாள். இதற்காகப் புதிய குறிப்பேடு ஒன்று வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். பெயர், பிறந்த திகதி, 5 கிலோமீற்றர் நேரம், அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் பௌஜா சிங் ஐயாவின் 100 வயதை கின்னஸ் ஏற்கவில்லை. நம்மிலும் பலருக்குக் கடவுச்சீட்டில் ஒரு திகதி, அம்மா சொன்ன திகதி இன்னொன்று. குறிப்பேட்டில் கடவுச்சீட்டில் உள்ளதை எழுதுங்கள். அம்மா சொன்னதையும் பக்கத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள், அந்த நாளில் தேத்தண்ணியும் கேக்கும் சங்கச் செலவில்.

ஏப்ரல் முதல் ஞாயிறு, காலை ஏழு மணி, தொம்சன் பூங்கா வாகனத் தரிப்பிடம்.

இப்படிக்கு,
செயலாளர்