அம்மாவின் 555 புத்தகமும் தைப்பூசக் கடிதங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தைப்பூசம் முடிந்த கையோடு உங்கள் வாசகர் பக்கத்தில் அற்புதக் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். அலகு குத்திய இடத்தில் சொட்டு ரத்தம் வரவில்லை, வேண்டிக்கொண்ட மறுநாளே வேலை கிடைத்தது, கனவில் மயில் வந்தது. கிண்டல் செய்ய நான் எழுதவில்லை, நானும் வருஷா வருஷம் பால்குடம் எடுக்கிறவள்தான். ஆனால் எந்தக் கடிதத்திலும் எந்த வருஷம், எந்த இடம், கூட யார் இருந்தார்கள் என்று ஒரு வரி இருப்பதில்லை. எப்போதோ நடந்ததை இப்போது நினைத்து எழுதுகிறோம், அதற்குள் அது எத்தனை வாய் மாறி வந்திருக்கும் என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

என் அம்மா நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். படிப்பு தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. தோட்டத்துக் கணக்கரான கிராணி ராத்தலைக் குறைத்து எழுதிவிடுவார் என்ற பயத்தில் தினமும் தன் பால் எடையைத் தானே ஒரு 555 புத்தகத்தில் குறித்து வைத்து, சம்பள நாளில் ஒத்துப் பார்ப்பாராம். (அந்தக் குட்டி நோட்டைத் தெரியாத மலேசியத் தமிழர் இருக்க முடியாது, மளிகைக் கடைக் கடனெல்லாம் அதில்தானே ஏறியது.) தோட்டத்தை விட்டு ஜெலுத்தோங்குக்கு வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. எடைக்குப் பதிலாக முருகன் கணக்கு எழுத ஆரம்பித்தார். அம்மா தவறிய பிறகு ஒரு பிஸ்கட் டின்னில் 17 புத்தகங்கள் கிடைத்தன.

எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. 1988 தைப்பூசத்தில் அம்மா பால்குடத்தோடு பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும்போது மயக்கம் வந்து படியில் உட்கார்ந்துவிட்டார், வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர் வந்து தண்ணீர் கொடுத்து "ஏறும்மா" என்றார், குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம். இதை என் பிள்ளைகளுக்கு நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தத் தாடியைச் சேர்த்தது நான்தானோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஏனென்றால் அன்று இரவே அம்மா எழுதி வைத்தது இதுதான்:

"நல்ல வெயில். பாதிப் படியில் கண் இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஒரு சீனர் தண்ணி கொடுத்தார். அறுபது வயசு இருக்கும். குடத்தை நான் விடலை. அவர் குடை பிடிச்சுக்கிட்டு கோயில் வாசல் வரை கூடவே வந்தார். அவருக்கும் மலாய் சரியா வரலை, எனக்கும் வரலை. பேர் கேக்க மறந்துட்டேன்."

2012ல் கும்பாபிஷேகம் நடந்த இன்றைய பெரிய கோயிலும் அதன் 513 படிகளும் அப்போது கிடையாது, பழைய கோயில், பழைய படிகள். அந்தப் படிகளில் அந்த வெயிலில் முன்பின் தெரியாத ஒருவர் வாசல் வரை குடை பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறார். பினாங்கில் ரதம் வரும்போது சீனர்கள் மலை மலையாகத் தேங்காய் உடைப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஆச்சரியமாகக்கூடத் தெரியாது, அதனால்தானோ என்னவோ எங்களுக்கு ஒரு தாடிக்காரர் தேவைப்பட்டார். அன்று முருகன் வந்தாரா என்று கேட்டால் வந்தார் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அந்தச் சீனர் மறையவே இல்லை. குடும்பமாகச் சேர்ந்து நாங்கள்தான் முப்பது வருஷம் அவரை மறைய வைத்திருந்தோம்.

1995 செப்டம்பர் 21, பிள்ளையார் பால் குடித்த நாள், உங்களுக்கும் நினைவிருக்கும். டெல்லியில் கிளம்பிய செய்தி இங்கே வந்து சேர்ந்ததும் எங்கள் வீட்டு வெண்கலப் பிள்ளையாருக்கும் ஸ்பூனில் பால் பிடித்தோம். குறைந்தது, நான் அழுதேவிட்டேன். அம்மா எழுதியது: "பால் குறைஞ்சுது. கீழ தட்டு நனைஞ்சிருந்தது." பாலில் சாயம் கலந்து பார்த்த விஞ்ஞானிகளும் அதையேதான் சொன்னார்கள், பால் விளிம்பில் இழுபட்டு சிலையின் மேலாக மெல்லிய படலமாக வழிந்து போகிறது என்று. அதற்காக அம்மா மறுநாள் பிள்ளையாருக்குப் பூ வைக்காமல் இருக்கவில்லை.

நடக்காததையும் அம்மா விட்டுவைக்கவில்லை, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு மண்டலம் விளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டு ஒவ்வொரு நாளும் எண் போட்டிருக்கிறார். 31ஆம் நாள்: "அவர் போயிட்டார்." வேறு ஒன்றும் இல்லை. தீட்டு கழிந்ததும் அடுத்த எண்ணிலிருந்து தொடங்கி 48 வரை முடித்திருக்கிறார். இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டிருந்தால் மற்ற பக்கங்களை நான் நம்பியிருக்க மாட்டேன்.

கோயிலில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு, எண்ணிக்கை என்றும் குறையாத 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் எண்ணி வெட்டி வைத்த சனம் நாம். இன்றைக்கு 'இதைப் 11 பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும்' என்று வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

அதனால் ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட கடிதம் வந்தால் நிறுத்த வேண்டாம், போடுங்கள், ஆனால் எப்போது நடந்தது, யார் பார்த்தார்கள், எப்போது எழுதி வைத்தீர்கள் என்ற மூன்றையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். கடிதங்கள் பாதியாகக் குறைந்துவிடும், குறையட்டும்.

அப்புறம் ஒன்று. அந்தச் சீனரின் பிள்ளைகள் தமிழ்ப் பத்திரிகை படிக்க மாட்டார்கள், தெரியும். பக்கத்து வீட்டுத் தமிழர் யாராவது படித்தால் கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். கறுப்புக் குடை, கைப்பிடி உடைந்து சிவப்புக் கயிறு சுற்றியிருந்தது என்று ஓரத்தில் அம்மா குறித்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜெலுத்தோங், பினாங்கு