எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை போகலாம்? குழந்தையின் உயரத்தைப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். முழு ஆண்டு விடுமுறை நெருங்கினால் எங்கள் டிராவல்ஸ் அலுவலகத்துக்கு வரும் போன்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். "மூணு வருஷத்துக்கு முன்னாடி கொச்சி வீகாலேண்ட் போனோங்க. மறுபடியும் அங்கயே போலாமா, இல்ல வேற எங்காச்சும் பாக்கலாமா?" கொச்சிக்கு அருகே பள்ளிக்கரையில் 2000இல் வீகாலேண்ட் என்று திறந்த பொழுதுபோக்குப் பூங்கா வொண்டர்லா ஆகி வெகுகாலம் ஆயிற்று. ஆனாலும் கோவைக்காரர்கள் வாயில் பழைய பெயர்தான் முதலில் வருகிறது.

வேன் வாடகை கிடைக்கும் என்பதற்காக "தாராளமா போங்க" என்று சொல்லிவிடுவது எங்களுக்குச் சுலபம். அப்படிச் சொல்லி அனுப்பினால், போன வருஷம் போன குடும்பம் இந்த வருஷமும் போய், பிள்ளைகள் வேவ் பூலை (செயற்கை அலைக் குளத்தை) விட்டு வெளியே வராமல் சாயங்காலம் திரும்பிவிடும். வேவ் பூலுக்காக 190 கிலோமீட்டர் எதற்கு? நாற்பது கிலோமீட்டருக்குள் மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர் இருக்கிறது, அங்கேயும் வேவ் பூல் உண்டு. அதனால் இப்போதெல்லாம் "எத்தனை வருஷம் ஆச்சு" என்று நாங்கள் கேட்பதில்லை. "பையன் உயரம் எவ்வளவு" என்றுதான் கேட்கிறோம். அது ஏன் என்று விளக்கவே இந்த மடல்.

ஒரே பூங்கா குழந்தைக்கு மூன்று தடவை புதுப் பூங்காவாக ஆகும். வொண்டர்லாவில் டிக்கெட்டே உயரத்தை வைத்துத்தான்: 85 செ.மீ.க்குக் கீழே டிக்கெட் வாங்க வேண்டாம், 85 முதல் 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். ரைடுகளுக்கு உள்ளேயும் உயரக் கோடுகள் உண்டு. பொதுவாகச் சொன்னால், 90 செ.மீ. தாண்டிய குழந்தைக்குச் சின்ன ராட்டினம், குட்டி ரயில், முழங்கால் அளவு தண்ணீர் கிடைக்கும். 120ஐத் தொட்டால் நடுத்தர வேகத்தில் போகிற பல ரைடுகளும் சறுக்குகளும் திறக்கும். 140ஐத் தாண்டினால் தலைகீழாகச் சுற்றுவது முதல் செங்குத்தாக விழுவது வரை ஏறக்குறைய எல்லாமே. ரைடுக்கு ரைடு கோடு மாறும். அந்தந்த ரைடின் வாசலில் உள்ள பலகையில் இருப்பதே இறுதி.

நம் குழந்தைகள் சராசரியாக 3 வயதில் 92, 93 செ.மீ. இருப்பார்கள். அதன் பிறகு வருஷத்துக்கு 5 முதல் 7 செ.மீ. வளர்வார்கள். 7 வயதை ஒட்டி 120, 11 வயதை ஒட்டி 140 வரும். ஆக ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போக ஏறக்குறைய நான்கு வருஷம். ஒரு குழந்தையை வைத்துக் கணக்குப் போட்டால் கொச்சிக்கு நான்கு வருஷத்துக்கு ஒருமுறை போதும். இடையில் ஆசை வந்தால் பேரூர்ப் பக்கம் கோவை கொண்டாட்டம், மலம்புழா அணைக்கு அருகே ஃபேன்டசி பார்க், இல்லையென்றால் பிளாக் தண்டர். டீசலும் தூக்கமும் மிச்சம்.

இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில்தான் கணக்கு சுவாரசியமாகும். வயது வித்தியாசம் மூன்று நான்கு என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பெரியவன் 120ஐத் தொடும் வருஷமே சின்னவள் 90ஐத் தாண்டியிருப்பாள், இருவருக்கும் அன்று புதிதாக ஏதோ கிடைக்கும். வித்தியாசம் இரண்டு வருஷம் என்றால்தான் சிக்கல். அண்ணன் வரிசையில் உள்ளே போவான், 112 செ.மீ. தங்கை பலகைக்கு வெளியே நின்று அழுவாள், அம்மா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அரை நாளைக் கழிப்பார். அப்படிப்பட்ட வீட்டுக்கு எங்கள் யோசனை, பெரியவனை ஒன்றிரண்டு வருஷம் காக்க வைப்பது. 120இல் கிடைப்பது 130இலும் கிடைக்கும், அவனுக்கு நஷ்டமில்லை. காத்திருக்க முடியாது என்றால் சித்தப்பா வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு குழந்தையாகப் பிரித்துக்கொள்ளப் பெரியவர்கள் நான்கு பேராவது வேண்டும். வேன் வாடகை எத்தனை பேர் ஏறினாலும் ஒன்றுதான் என்பதால், இரண்டு குடும்பம் சேர்ந்தால் தலைக்கு ஆகும் செலவும் இறங்கும்.

உயரத்தை எப்படி அளப்பது என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். காலை எழுந்ததும் நாம் கொஞ்சம் உயரமாக இருப்போம். நாள் முழுக்க நின்று நடந்தால் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் அழுந்தி, சாயங்காலத்துக்குள் ஏறக்குறைய ஒரு செ.மீ. குறையும். வீட்டில் காலையில் செருப்போடு அளந்து 120 என்று சந்தோஷப்பட்ட குழந்தை, மதியம் மூன்று மணிக்கு வெறுங்காலோடு பலகையின் முன்னால் 118 ஆகிவிடும். செருப்பைக் கழற்றி, குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிறுத்துங்கள். அட்டை போட்ட தடிப் புத்தகம் ஒன்றைத் தலைமேல் மட்டமாக வைத்து, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, தையல் டேப்பால் அல்ல, இரும்பு டேப்பால் அளக்கவும். தையல் டேப் பழசானால் இழுபடும். உச்சிக்கொண்டை கணக்கில் சேராது. அந்தக் காலைக் கணக்கில் 122 காட்டினால் கிளம்பலாம். 120 மட்டுமே காட்டினால் இன்னும் ஆறு மாதம் பொறுங்கள்.

பலகையில் நிற்கும் ஊழியரிடம் "ஒரு செ.மீ. தானே, விடுங்க" என்று கேட்க வேண்டாம். அந்தக் கோடு பிள்ளையின் தைரியத்தை அளப்பதற்காகப் போட்டதல்ல. மடியில் இறங்கும் கம்பி இடுப்பெலும்பில் உட்கார வேண்டும், தோள்மேல் வரும் பட்டை தோளில் பதிய வேண்டும், கால் கீழே ஊன்ற வேண்டும். உடம்பு சின்னதானால் கம்பிக்கும் இடுப்புக்கும் நடுவே இடைவெளி விழும். திருப்பத்தில் குழந்தை அதன் வழியாக வழுக்கி இறங்கலாம், அல்லது மேலே எழும்பலாம். 8 வயதுப் பையன் 115 செ.மீ. என்றாலும் அதே ஆபத்துதான். வயதைச் சொல்லி வாதாடுவதில் பயனில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு, அப்பாக்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஏறிய அதே ரைடில் இப்போது தோள்பட்டை பூட்டு "கிளிக்" ஆகாமல் இறக்கிவிடப்படுகிறவர்கள் உண்டு. நடுவில் வந்து சேர்ந்த வயிறுதான் காரணம். பூட்டு விழாமல் வண்டி நகராது. ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, கழுத்து அல்லது முதுகு வலி, கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் வேகமான ரைடுகள் வேண்டாம். போன முறை ஒன்றும் ஆகவில்லையே என்பது இந்த முறைக்கு உத்தரவாதம் ஆகாது.

மறுபடி போகிறவர்களுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை உண்டு. பழைய நினைவை நம்பித் திட்டம் போட்டுவிடுகிறார்கள். "அந்தப் பெரிய ரைடுக்காகத்தான் வந்தோம்" என்று போனால் அது அன்று பராமரிப்பில் இருக்கும், அல்லது எடுத்துவிட்டு வேறொன்றை வைத்திருப்பார்கள். கூட்டம் குறைந்த மாதங்களில்தான் பெரிய பராமரிப்பு வேலைகளைச் செய்வார்கள் என்பதால், கூட்டமில்லாத நாளைத் தேடிப் போகிறவர்களே இதில் மாட்டுவார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் பூங்காவுக்கு ஒரு போன் போட்டு, இன்றைக்கு எந்த ரைடு நிற்கிறது என்று கேட்டுவிடுங்கள். ஜூன், ஜூலையில் கொச்சியில் மழை கொட்டும். கூட்டம் குறையும், ஆனால் இடி மின்னல் என்றால் உயரமான ரைடுகள் நிற்கும். ஓணம், கிறிஸ்துமஸ் வாரங்கள் வேண்டவே வேண்டாம். நவம்பரிலிருந்து பொங்கலுக்குப் பிறகும் சில வாரங்கள், வார நாட்களில் பள்ளிச் சுற்றுலாப் பஸ்கள் வரிசையாக நிற்கும். நம் கணக்கில் ஜூன் கடைசி, ஜூலை மாதத்து செவ்வாய், புதன்தான் நல்லது. பள்ளிக்கு ஒரு நாள் லீவு சொல்ல வேண்டியிருக்கும், அது உங்கள் பாடு.

வழியும் மாறியிருக்கிறது. திருச்சூருக்கு முன்னால் வரும் குதிரான் மலைப்பாதையில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்த நாட்களை நினைத்து ராத்திரி இரண்டு மணிக்கே வேன் கேட்பவர்கள் இன்னும் உண்டு. 2021 ஜூலை 31 அன்று முதல் சுரங்கப்பாதை திறந்தது, அடுத்த ஆண்டு இரண்டாவதும் வந்துவிட்டது. இப்போது மலை ஏறும் வேலையே இல்லை. ஆனால் சாலக்குடிக்கு முன்னும் பின்னும் அண்டர்பாஸ் வேலைகளால் அங்கே மிச்சமான நேரத்தை இங்கே தொலைக்க நேரிடும். காந்திபுரத்திலிருந்து காலை 4.30க்குக் கிளம்பினால் ஏழு மணிக்குள் வடக்கஞ்சேரிப் பக்கம் காலை உணவு. 9 மணிக்குப் பிறகு களமசேரி, காக்கநாட்டில் ஆபீஸ் போகும் கூட்டத்தில் மாட்டினால் கடைசிப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் போய்விடும். வாளையாறு தாண்டியபின் பாம்பாம்பள்ளம், பன்னியங்கரை, பாலியேக்கரை என மூன்று டோல். டோல், கேரள பர்மிட், டிரைவர் பேட்டா மூன்றையும் பில்லில் தனித்தனியாகவே காட்டுகிறோம். திரும்பும் வழியில் "அப்படியே அதிரப்பள்ளி பாத்துட்டுப் போயிடலாம்" என்று கேட்காதீர்கள். டிரைவர் விடிகாலை மூன்றரைக்கு எழுந்தவர். அதற்கு நாங்கள் சம்மதிப்பதில்லை.

உள்ளே போனதும் வாசலுக்குப் பக்கத்து ரைடில் எல்லாரும் குவிவார்கள். நீங்கள் தூரத்துக் கோடியிலிருந்து ஆரம்பியுங்கள். சுற்றுகிற ரைடுகளைச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். பிரியாணிக்குப் பிறகு சுற்றினால் என்ன ஆகும் என்று எங்கள் கிளீனரிடம் கேட்டால் சொல்வார். வெறும் வயிறும் தலைசுற்றும், இரண்டு இட்லியாவது உள்ளே இருக்கட்டும். தண்ணீர் ரைடுகளை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெயிலும் இதமாகும், ஈரத் துணியோடு உலர் ரைடுகளுக்கு வரிசையில் நிற்கவும் வேண்டாம்.

நைலான் அல்லது பாலியெஸ்டர் உடையை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். பருத்தியை ஏன் மறுக்கிறார்கள் என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. பருத்தி இழை தண்ணீரில் உதிர்ந்து வடிகட்டியை அடைக்கும், நனைந்தால் கனத்துச் சறுக்கில் இழுக்கும். ஜீன்ஸின் உலோகப் பொத்தானும் ஜிப்பும் சறுக்கின் வழவழப்பான மேல்பூச்சைக் கீறும், அடுத்து வருகிறவரின் முதுகைக் கிழிக்கும். துப்பட்டா, சேலை எதிலாவது சிக்கலாம். நகையை வீட்டில் வைத்துவிடுங்கள், அலையில் போன சங்கிலி திரும்பி வராது. போன முறை வாங்கிய நீச்சல் உடையை இந்த முறை பிள்ளைக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள். நான்கு வருஷத்தில் 20 செ.மீ. வளர்ந்திருக்கிறான்.

பயந்த குழந்தையைக் கட்டாயப்படுத்தி ஏற்றுவதுதான் நாங்கள் சொல்லும் தவறுகளில் பெரியது. உயரம் 120 வந்துவிட்டது, டிக்கெட்டும் வாங்கியாயிற்று என்பதற்காக ஏற்றினால், அடுத்த முறை அதே பூங்கா வாசலைப் பார்த்ததுமே அழுவாள். ஒரு கோட்டுக்குரிய ரைடுகளில் பாதி மீதமிருந்தால் அது நஷ்டமில்லை. ஒன்றிரண்டு வருஷத்தில் அவளே கேட்பாள், அப்போது போங்கள்.

140 தாண்டியபின் பிள்ளைகள் உங்களோடு வர விரும்புவது குறையும், நண்பர்களோடு போகக் கேட்பார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் மட்டுமாக வேன் பதிவு செய்தால் பெற்றோர் ஒருவர் கூட வர வேண்டும் என்பது எங்கள் விதி. தாத்தா பாட்டி வருவதானால் முதல் சுற்றிலேயே, பேரன் 90இல் இருக்கும்போதே அழைத்துப் போங்கள். அவர்கள் உட்கார்ந்து ரசிக்கிற ரைடுகளும் அவன் ஏறுகிற ரைடுகளும் அன்று ஒன்றாகவே இருக்கும். நான்கு வருஷம் கழித்து அவன் ஓடுவான், அவர்களுக்கு முழங்கால் வலிக்கும்.

இனி பதிவு செய்யும்போது வயதோடு ஒவ்வொரு குழந்தையின் உயரத்தையும் அளந்த தேதியையும் சேர்த்து அனுப்புங்கள். வருஷத்துக்கு 5 செ.மீ. என்ற கணக்கில், அடுத்த கோட்டை நெருங்கும் மாதத்தில் எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு முறை மட்டும் அழைப்போம். அழைத்ததும் பதிவு செய்ய வேண்டியதில்லை, முதலில் சுவரில் நிறுத்தி அளந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டிராவல்ஸ் அலுவலகம்,
காந்திபுரம், கோவை.

பி.கு.: திரும்பும்போது ஈரத் துணிகளைப் போட ஆளுக்கு ஒரு கெட்டிப் பை எடுத்து வாருங்கள். உலர்ந்த மாற்றுடையை லாக்கரில் வைக்காமல் வேனிலேயே விட்டுப் போனால், பூங்கா வாசலிலிருந்து வண்டி நிறுத்துமிடம் வரை நனைந்தபடியே நடக்க வேண்டியிருக்கும்.